பிரேயரில் வாசிக்கப்பட்ட பெயர்கள்

ஜூலை 7, திங்கள்

தலைமையாசிரியை அழைத்தார். உடற்கல்வி ஆசிரியை எஸ்தர் நாளையிலிருந்து பிரசவ விடுப்பு. அவர் திரும்பும்வரை பெண்கள் கூடைப்பந்து அணியை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பொருளியல் ஆசிரியையான என்னை ஏன் என்று கேட்டேன். "உங்களுக்குக் கடைசி பீரியட் ஃப்ரீ. உயரமாவும் இருக்கீங்க" என்றார். இருபத்துமூன்று வருடப் பணியில் என் உயரம் பள்ளிக்குப் பயன்படுவது இது இரண்டாவது முறை. முதல் முறை ஆண்டு விழாத் தோரணம் கட்டும்போது.

எஸ்தர் போகும்முன் விதிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பந்தை வைத்துக்கொண்டு ஐந்து விநாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாதாம். இந்த விதியை ஆசிரியர் கூட்டங்களுக்கும் கொண்டுவரலாம்.

மிக்ஸி ஜார் மூடி உடைந்துவிட்டது.

ஜூலை 8, செவ்வாய்

முதல் பயிற்சி. பன்னிரண்டு பெண்கள், இரண்டு பந்துகள், மேற்கிலிருந்து ஆடிக்கு முன்பே வந்துவிட்ட உடுமலைப்பேட்டைக் காற்று. கேப்டன் சம்யுக்தா, பன்னிரண்டாம் வகுப்பு, என் மாணவி. நான் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடும் தூரத்தில் நின்றுகொண்டு அவள் பந்தை எறிகிறாள். அது வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுகிறது. காற்று எவ்வளவு தள்ளும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறாளாம். தேர்வில் வரைபடத்தின் அச்சுகளுக்குப் பெயரிட மறப்பவள். ரிஸ்வானா எல்லோரையும்விட உயரம். கூடைக்குக் கீழே நின்றபடி விழும் பந்துகளை எல்லாம் மார்க்கெட்டில் தேங்காய் பொறுக்குவதுபோல எடுக்கிறாள்.

திறமைக்குக் குறைவே இல்லை என்று எஸ்தர் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக ஏன் மாவட்டக் கோப்பை வரவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு பெண் பந்துக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. மற்ற நால்வரும் ஒரு பக்கம் ஓடினால் இவள் அதற்கு முன்பே திரும்பி எதிர்ப்பக்கம் ஓடுகிறாள். பெயர் கௌசிகா. அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "நிக்கறேன் மிஸ்" என்றாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே "கூடுதல் ஆட்டக்காரர்" என்று எழுதினேன். ஆனால் ஐந்து பேரைப் பிரிக்கும்போது சம்யுக்தா முதலில் இவளைத்தான் இழுக்கிறாள். தோழிகள் போலிருக்கிறது.

ஜூலை 12, சனி

பல்லடத்திலிருந்து ஒரு பள்ளி வந்து ஆடியது. 52–38. வென்றோம். எனக்கு ஒன்றும் புரியாததால் பொருளியல்காரி செய்வதைச் செய்தேன்: எண்ணினேன். நம் அணிக்குள் பந்து 141 முறை கை மாறியது.

ஜூலை 14, திங்கள்

பிரேயரில் செய்தி வாசிப்பது என் பொறுப்பு. எஸ்தர் காலத்தில் "நம் அணி வென்றது" என்று அவர் ஒரு வரி எழுதித் தருவார். மாணவிகளை ஊக்கப்படுத்துவதில் அந்த ஒரு வரி போதாது என்று எனக்குத் தோன்றியது. ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துப் பெயர் பெயராக வாசித்தேன். "சம்யுக்தா, பதினெட்டுப் புள்ளிகள்." கைதட்டல். "ரிஸ்வானா, பதினாறு." கைதட்டல். வாயிலருகே வேன் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் குரலுக்கு மைக் பொருந்தும் என்று முன்பே சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியைக்கு மிகவும் பிடித்துவிட்டது. இனி எப்போதும் இப்படியே வாசிக்க வேண்டும் என்றார்.

ஜூலை 16, புதன்

ஒன்பது நாளுக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. பயிற்சிக்கு அரை மணி தாமதம்.

ஜூலை 19, சனி

பொள்ளாச்சி அணியிடம் 61–66. தோல்வி. ஆர்வத்தைத் தூண்டும் தோல்வி: சென்ற வாரத்தைவிட ஒன்பது புள்ளிகள் அதிகம் எடுத்தும் தோற்றிருக்கிறோம். காற்று காரணமாக இருக்கலாம். ஆனால் காற்று இரு அணிக்கும் பொதுவாகத்தான் வீசியது. புதுப் பந்து காரணமாக இருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

சம்யுக்தா 27. நீண்ட கைதட்டல். மதியம் அவள் அம்மா தொலைபேசினார். 27 இல்லை, 29. அவரும் எண்ணிக்கொண்டிருந்தாராம், வீடியோவும் இருக்கிறதாம். நாளை பிரேயரில் திருத்தம் வாசிக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

திருத்தம் வாசித்தேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஜூலை 24, வியாழன்

பயிற்சி ஆட்டத்தில் மறுபடி எண்ணினேன். பந்து கை மாறியது 58 முறை. 141 எப்படி 58 ஆகும்? சம்யுக்தாவுக்கும் ரிஸ்வானாவுக்கும் சண்டை என்று ஊகித்தேன். மதிய இடைவேளையில் ஏதோ வேலையாகப் போவதுபோல அவர்கள் வகுப்பு வழியே போனேன். ஒரே டிபன் பாக்ஸிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரிஸ்வானா வீட்டு நெய்ச்சோறு. கடைசி வாயை யார் எடுப்பது என்பதில் இருவரும் "நீ எடு, நீ எடு" என்று ஒரு நிமிடம் கழித்தார்கள்.

அதே இருவர் மாலையில் மைதானத்தில். ரிஸ்வானா கூடைக்குக் கீழே தனியாகக் கைநீட்டி நிற்கிறாள். சம்யுக்தா அவளைப் பார்க்கிறாள். இரண்டு பேரைத் தாண்டித் தானே எறிகிறாள். நட்பு குறையவில்லை. பந்து மட்டும் போவதில்லை. விளங்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

குறுவட்டப் போட்டியில் ஐந்தாவது ஆட்டம், இறுதி. 70–68. மாவட்டப் போட்டிக்குத் தகுதி.

கடைசிப் பத்து விநாடியில் எதிரணியிடம் பந்து. அவர்களுடைய சிறந்த பெண் கூடையைப் பார்த்து எறிய மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் கௌசிகா அவளுக்கும் கூடைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நேரம் முடிந்தது. அதிர்ஷ்டம்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பெயர்ப் பட்டியல் வாசிக்கப் பதினொரு நிமிடம் ஆனது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வெயிலில் மயங்கினாள். கைதட்டல் தொடர்ந்தது.

இரண்டாம் பீரியடில் நாலாம் நம்பர் வேன் ஓட்டுநர் மாகாளியப்பன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். கௌசிகா அவர் மகள் என்பது எனக்குத் தெரியாது. பள்ளியில் அவள் அவருடன் பேசி நான் பார்த்ததில்லை. வேனிலும் அவர் பக்கத்தில் உட்காராமல் கடைசி சீட்டில்தான் உட்காருவாளாம், மற்ற பிள்ளைகளோடு.

அணியிலிருந்து மகள் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு, கணக்கு டியூஷன் ஐந்து மணிக்கு, அதை விட்டுவிட்டு இங்கே நிற்கிறாள். படிப்பு கெட்டாலும் ஆட்டத்திலாவது ஏதாவது இருந்தால் பரவாயில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாராவாரம் கேட் கிட்ட நின்னு கேக்கறனுங்க டீச்சரம்மா. எல்லாப் புள்ளைங்க பேரும் வருது. எம்பட புள்ள பேரு ஒருக்காக் கூட வரலீங்க. வீட்ல கேட்டா மேட்ச் பூரா நாந்தான் ஆடுனேங்குது. பொய் சொல்ற புள்ள இல்லீங்க அது. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது."

பார்க்கிறேன் என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வது வழக்கம். மாவட்டப் போட்டிவரை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். பட்டியல் அனுப்பிவிட்டோம், பெயர் மாற்றுவது சிரமம். யோசித்தார். "அதோட சரிங்க. அதுக்கப்பறம் எடுத்துருங்க" என்றார்.

ஸ்கோர் ஷீட்டுகளைப் புரட்டினேன். ஏழு ஆட்டம். கௌசிகாவின் பெயருக்கு நேரே நான்கு ஆட்டத்தில் வெறும் கோடு, மூன்றில் நான் பெயரையே எழுதவில்லை. அவர் சொன்னது சரி. அவள் சொன்னதும் சரி. ஏழு ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. இரண்டும் சரியாக இருப்பது விந்தை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கௌசிகாவைக் கூப்பிட்டு அப்பா வந்த விஷயத்தைச் சொன்னேன். தெரியும் என்றாள். வீட்டில் பேச்சு நின்றுவிட்டதாம். திட்டவில்லை, அதுதான் கஷ்டம் என்றாள்.

"நீ ஏன் ஒரு தடவையாவது கூடையில் போடக் கூடாது? உன் பெயரும் வருமே" என்றேன்.

என்னைப் பாவமாகப் பார்த்தாள். "நானும் போயிட்டா பின்னாடி யாரு மிஸ் நிப்பாங்க?"

நல்ல கேள்வி. குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பன்னிரண்டாம் வகுப்பில் பொதுப் பண்டங்கள் பாடம். தெருவிளக்கு உதாரணம். வெளிச்சம் எல்லோருக்கும் விழும், அதனால் விளக்குப் போட எவரும் தனியாக முன்வர மாட்டார்கள். "யார் விளக்குப் போட்டார்கள் என்று ஊரில் யாரும் பேசாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். சம்யுக்தா எழுந்து, "எல்லாரும் அவங்கவங்க வீட்டு வாசல்ல சீரியல் பல்பு போட்டுக்குவாங்க மிஸ்" என்றாள். அருமையான பதில். வகுப்பையே கைதட்டச் சொன்னேன்.

மாலைப் பயிற்சி மோசம். ஐந்து பேரில் நால்வர் எதிர்க் கூடையிலேயே நின்றார்கள். காரணம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பல்லடம் அணியுடன் மறுபடி. ஜூலையில் நாம் எளிதாக வென்றவர்கள். 44–79.

சாத்தியமான காரணங்கள்: மழைத் தூறல். சம்யுக்தாவின் புதுக் காலணி. நேற்றைய சுதந்திர தின அணிவகுப்புக் களைப்பு. கௌசிகா வரவில்லை (சித்தி மகனுக்குக் காதுகுத்து). நடுவர்.

ஆகஸ்ட் 18, திங்கள்

35 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற ஆட்டத்துக்கும் பெயர் வாசித்தேன். ரிஸ்வானா 20. வழக்கம்போல் கைதட்டல். தோற்றோம் என்ற செய்தி அதில் மூழ்கிவிட்டது. "தோத்தா என்னங்க, நம்ம பிள்ளைங்க நல்லா அடிச்சிருக்காங்களே" என்று தலைமையாசிரியை மகிழ்ந்தார். ரிஸ்வானா மட்டும் கைதட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று ஒரு சோதனை. பயிற்சி ஆட்டம் முழுக்கப் பந்தைப் பார்க்காமல் கௌசிகாவை மட்டும் பார்த்தேன்.

இது மிகக் கடினம். கண் தானாகப் பந்திடம் ஓடுகிறது. ஐந்து நிமிடம் பழகிய பிறகு வேறொரு ஆட்டம் தெரிய ஆரம்பித்தது. எதிரே ஆடிய பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் ஓடி வருகிறார்கள். கௌசிகா அவர்கள் கையைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறாள். கை ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் போகும் என்று பிறகு சொன்னாள். அவர்கள் வந்து சேரும் இடத்தில் அவர்களுக்கு ஒரு அடி முன்னால் போய் நிற்கிறாள். பந்தைப் பிடுங்குவதில்லை. தொடுவதுகூட இல்லை. வந்தவள் திகைத்துப் பக்கத்தில் பார்க்கிறாள், மோசமான இடத்திலிருந்து எறிகிறாள், தவறுகிறது, ரிஸ்வானா பொறுக்குகிறாள், சம்யுக்தா கூடையில் போடுகிறாள். ஷீட்டில்: சம்யுக்தா, 2.

ஒரு மணி நேரத்தில் பத்தொன்பது முறை. இதை எழுத ஷீட்டில் கட்டமே இல்லை. ஷீட்டை அச்சடித்தவர்கள் மீது எனக்கு மரியாதை குறைந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

எஸ்தர் தொலைபேசினார். கால் வீக்கம், மற்றபடி நலம். பிறகு, "மிஸ், பிரேயர்ல ஒவ்வொருத்தர் பாயின்ட்டும் படிக்கிறீங்களாமே?" என்று கேட்டார். ஆமாம், நல்ல வரவேற்பு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஓ" என்றார். எங்கள் தெருவில் சிக்னல் எப்போதும் இப்படித்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

புதிய முறை. பிரேயரில் அறிவித்தேன்: இனி புள்ளிகளுடன், எதிரணியின் பந்தை யார் எத்தனை முறை தடுத்தார் என்பதும் வாசிக்கப்படும். தடுப்புக்கே முதலிடம். பெண்களின் முகம் மாறியதைக் கவனித்தேன். ஒரு பொருளியல் ஆசிரியைக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 30, சனி

தாராபுரம் அணியுடன் நட்பு ஆட்டம். 19–23. தோல்வி.

இப்படியொரு ஆட்டத்தை விதிப் புத்தகம் எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பந்து யாரிடம் இருந்தாலும் நம்மவர்கள் ஐந்து பேரும் அதன்மேல் பாய்ந்தார்கள். மூன்று பேர் ஐந்தைந்து முறை விதி மீறி, ஃபவுல் வாங்கி வெளியேறினார்கள். கூடையில் போட யாருக்கும் மனமில்லை. உச்சம், ரிஸ்வானா. மூன்றாம் கால்பகுதியில் பந்தோடு தனியாகக் கூடைக்குக் கீழே நின்றவள், அருகிலிருந்த தாராபுரத்துப் பெண்ணிடம் பந்தைத் தளர்வாக நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டதும் பிடுங்கினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் குறித்துக்கொண்டேனா என்று.

தாராபுரத்தின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரி, இடதுகைக்காரி, மிகத் திறமையானவள், ஒரு கட்டத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவரிடம், "இவங்க என்ன ஆடறாங்க சார்?" என்று கேட்டாள்.

வேனில் திரும்பும்போது சம்யுக்தா என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். நெடுநேரம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது. நீங்க எதைப் படிப்பீங்கன்னு முதல்லயே சொல்லிட்டீங்கன்னா அதை மட்டும் ஆடிருவோம். எல்லாத்தையும் ஆட முடியலை."

கேள்வி அவ்வளவுதான். கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

இரவு அவள் அம்மா தொலைபேசினார். மகளின் தடுப்புகள் ஆறு, ஐந்து அல்ல.

செப்டம்பர் 1, திங்கள்

தொண்டை சரியில்லை. எனவே பிரேயரில் பெயர்ப் பட்டியல் வாசிக்க இயலாது என்று தலைமையாசிரியையிடம் தெரிவித்தேன். "பத்தொன்பது, இருபத்துமூன்று, தோற்றோம்" என்று மட்டும் வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. பிரேயர் நான்கு நிமிடம் முன்னதாக முடிந்தது. அந்த நான்கு நிமிடத்தை என்ன செய்வதென்று பள்ளிக்கே தெரியவில்லை, எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு மூன்று பீரியட் பாடம் நடத்தினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

தொண்டை இன்னும் சரியாகவில்லை. மைக்கில் பேசினால்தான் வலிக்கிறது, அதிலும் பெயர்களை உச்சரித்தால். பெற்றோர்கள் இருவர் நேரில் வந்து விசாரித்தார்கள், ஒருவர் பனங்கற்கண்டு கொண்டுவந்தார்.

பயிற்சியில் பந்து கை மாறியது: 77.

செப்டம்பர் 10, புதன்

104. சம்யுக்தா ரிஸ்வானாவுக்குப் பந்து கொடுத்தாள். ரிஸ்வானா ஆச்சரியத்தில் அதைத் தவறவிட்டாள்.

செப்டம்பர் 15 முதல் 26 வரை

காலாண்டுத் தேர்வு. விடைத்தாள்கள். தெருவிளக்குக் கேள்விக்கு எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

விடுமுறை முடிந்து முதல் பயிற்சி. 138. ஒரே ஒரு முறை நான்கு பேர் பின்னால் ஓடி வந்து கௌசிகாவின் பக்கத்தில் நின்றார்கள். யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். "பாவம், அவ ஒருத்தியே நிக்கறா" என்றாள் ரிஸ்வானா.

மாகாளியப்பன் வாயிலில் நின்று நினைவூட்டினார். மாவட்டப் போட்டி சனிக்கிழமையோடு முடிகிறது. டியூஷன் சாரிடம் திங்கள் முதல் வருவாள் என்று சொல்லிவிட்டாராம். ஒரு முறை வந்து ஆட்டத்தைப் பாருங்களேன் என்றேன். வண்டி இருக்கிறது, லீவு கிடைக்காது என்றார். அவர் சொன்ன விதத்தில், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதும் இருந்தது. இப்போது பிரேயரில் யார் பெயரும் வருவதில்லை. அது அவர் மகளுக்கு எந்த வகையிலும் உதவவில்லை என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

மாவட்டப் போட்டிக்குத் திருப்பூருக்கு அணியை அழைத்துப்போக வேன் வேண்டும் என்று கேட்டேன். இரண்டாம் நம்பர் வேன் தயார் என்றார் தலைமையாசிரியை. நாலாம் நம்பர்தான் வேண்டும் என்றேன். ஏன் என்றார். அதன் சீட் என் முதுகுக்கு ஒத்துக்கொள்ளும் என்றேன். இந்த அணியை ஏற்றதிலிருந்து என் உடம்பில் எத்தனை உபாதைகள்.

அக்டோபர் 11, சனி

விரிவாக எழுதிவிடுகிறேன், மறந்துவிடும்.

நேற்று இரண்டு ஆட்டம் வென்றோம். மாகாளியப்பன் இரண்டையும் பார்க்கவில்லை. மரத்தடியில் வேனை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துத் தூங்கினார். ஓட்டுநர்கள் அப்படித்தான். கௌசிகா வேன் இருந்த பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட முயற்சியைப் பார்த்தேன்.

இன்று இறுதிப் போட்டி. தாராபுரம். திறந்தவெளி சிமெண்ட் மைதானம். நிழல் தேடி வந்த வேன், மைதானத்தின் விளிம்பை ஒட்டி, கூடைக்கு நேர் பின்னால் நின்றது. நிழல் அங்கேதான் இருந்தது. நான் காலையிலேயே வந்து பார்த்து வைத்திருந்தேன்.

முதல் பாதியில் கண்ணாடிக்குப் பின்னால் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதியில் பேப்பர் ஸ்டீயரிங் மேல் கிடந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, ஆட்டம் பார்க்க விடவில்லை.

அவர்களுடைய ஒன்பதாம் எண் இந்த மாவட்டப் போட்டியின் மற்ற ஆட்டங்களில் எல்லாம் முப்பதுக்குக் குறையாமல் எடுத்தவள். இன்று பதினொன்று. அவள் எங்கே திரும்பினாலும் ஒரு சட்டை இருந்தது, பெரும்பாலும் கௌசிகாவின் சட்டை, அது விலகினால் ரிஸ்வானாவுடையது. நம்மவர்களும் அதிகம் எடுக்கவில்லை. சம்யுக்தா பத்தொன்பது முறை பந்தைப் பிறருக்குக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டேன். அவள் அம்மா இன்று தொலைபேசவில்லை.

41–40. நாம் முன்னால். எட்டு விநாடி. பந்து அவர்களிடம்.

ஒன்பதாம் எண் வலப்பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்தாள். சம்யுக்தா ஏமாந்தாள். ரிஸ்வானா ஏமாந்தாள். நான் ஏமாந்தேன். அவள் இடப்பக்கம் வெட்டி முழு வேகத்தில் கூடைக்கு ஓடினாள். அங்கே கௌசிகா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலையும் ஊன்றி, கைகளை நெஞ்சோடு மடித்து, அசையாமல். மோதல். கௌசிகா பின்னால் விழுந்து சிமெண்டில் நான்கடி சறுக்கினாள். பந்து மேலே எழுந்து, வளையத்தில் சுற்றி, உள்ளே விழுந்தது. நடுவரின் விசில்.

தாராபுரத்துப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நடுவர் ஒரு கையை உயர்த்தியபடி நின்றார், இன்னும் எதையும் காட்டவில்லை. அப்போதுதான் வேன் கதவு சாத்தும் சத்தம்.

மாகாளியப்பன் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்துவிட்டார். மகளிடம் போகவில்லை. நேராக நடுவரிடம் போனார்.

"சார், நான் இருவத்தாறு வருசமா வண்டி ஓட்றன். நிக்கற வண்டி மேல வந்து இடிச்சா தப்பு யாரு மேலங்க? அந்தப் புள்ள நின்னுச்சு. ஆடாம நின்னுச்சு. கண்ணாடி வழியா நேராப் பாத்துட்டுதான் இருந்தன். பின்னாடி வந்த புள்ளதான் பிரேக் புடிக்கல."

நடுவர் இளைஞர். வெளியே போங்க சார் என்றார். பிறகு, எல்லோருக்கும் தெரியும்படி ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, மறு கை முஷ்டியைத் தாராபுரத்தின் கூடையை நோக்கி நீட்டினார். ஒன்பதாம் எண் மீது ஃபவுல். கூடை செல்லாது. விதிப் புத்தகத்தில் இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். நான் மூன்று முறை படித்தும் புரியாத பக்கம் அது.

41–40. நேரம் முடிந்திருந்தது, வென்றோம். மற்ற பெண்கள் கௌசிகாவைத் தூக்கினார்கள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

வேனின் முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்து அவரே மருந்து போட்டார். படிக்கட்டில் அவள், கீழே தரையில் அவர். நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றேன், போகத் தோன்றவில்லை.

"அது அந்தப் பக்கம் வரும்னு உனக்கெப்படித் தெரியும்?"

"இடுப்பு திரும்புச்சுப்பா."

பஞ்சை மாற்றிக்கொண்டார். "காலைல இருந்து இப்படித்தான் நின்னியா?"

"எப்பவும் இப்படித்தான்."

"ஏன் சாமி வீட்ல சொல்லல?"

"நான் சொன்னனேப்பா."

கட்டுப் போட்டு முடித்த பிறகும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை நான் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பிரேயரில்: "நாற்பத்தொன்று, நாற்பது. வென்றோம்." கைதட்டல் நீண்டுகொண்டே போனது. யாருக்கு என்று பிள்ளைகள் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தொண்டை அப்படியேதான் இருக்கிறது, இனி சரியாகாது என்று நினைக்கிறேன்.

மாநிலப் போட்டிக்குப் பெற்றோர் ஒப்புதல் படிவம் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தேன். மாலைக்குள் பதினொன்று வந்தது. கௌசிகாவைக் கேட்டேன். அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் சொல்லவில்லை என்றாள். ஐந்து மணிக்கு அவள் பயிற்சிக்கு வரவில்லை. கணக்கு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

படிவங்களை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப இன்றே கடைசி நாள். மதியம்வரை பதினொன்றுதான். கௌசிகாவின் இடத்தில் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பெயரை எழுதும்படி தலைமையாசிரியை சொன்னார். பேனா எழுதவில்லை என்றேன். அவர் தன் பேனாவைக் கொடுத்தார்.

மூன்றரை மணிக்கு மாகாளியப்பன் வந்தார். டியூஷன் சாரை நேரில் பார்த்து, காலை ஆறு மணி வகுப்புக்கு மாற்றிவிட்டு வருகிறாராம். அந்த சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை என்ன ஆடுகிறாள், எத்தனை கோல் என்று கேட்டாராம். அவருக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்ததாம். இரண்டு சாக்பீஸ் டப்பாவும் ஒரு டஸ்டரும் வைத்து விளக்கினாராம்.

படிவத்தை மடிப்புக் கலையாமல் நீட்டினார். கையெழுத்து, தேதி, ரத்த வகை எல்லாம் சரியாக நிரப்பியிருந்தார். ஆட்டக்காரர் ஆடும் இடம் என்ற கட்டத்தில் மற்ற பெற்றோர் எல்லோரும் பிள்ளைகளைக் கேட்டு ஏதேதோ எழுதியிருந்தார்கள். இவர் யாரையும் கேட்கவில்லை. நிதானமான, அழுத்தமான எழுத்தில் எழுதியிருந்தார்: "குறுக்கே நிற்பது."

ஆங்கிலப் பெரிய எழுத்தில் நிரப்பவும் என்று படிவத்தின் மேலே அச்சிட்டிருந்தது. அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.